முளை வெண்ணெய் மாதிரி எறங்குச்சு: கலாக்முல் காட்டோரம் எங்க டென்ட் மெதந்த ராத்திரி, முழு ஆய்வு

மொதல்ல நடந்ததை சுருக்கமா சொல்லிடறேன். மெக்சிகோவோட யுகடான் பக்கம், மாயன் காலத்து இடிபாடுகளா பாத்துட்டே ஒன்பது நாள் ரோடு ட்ரிப், ஜூன் மாசம், நாலு பேர், ஒரு வாடகை கார், ரெண்டு டென்ட். ஆறாவது நாள் ராத்திரி கலாக்முல்ங்கற பழைய மாயன் நகரத்துக் காட்டோரம் ஒரு சின்ன கேம்ப்ல பதினொண்ணே முக்கால் மணிக்கு ரெண்டு டென்ட்டும் எங்களோட சேத்து மெதக்க ஆரம்பிச்சுது. யாருக்கும் அடி கிடி இல்ல. ஒரு போன் போச்சு, ரெண்டு ஸ்லீப்பிங் பேக் நாறிப்போச்சு, மச்சானுக்கு கை பூரா கொப்புளம், அது தனிக் கதை, பின்னாடி வரேன்.

"பேய் மழைங்க, யாரு என்ன பண்ண முடியும்"னு சொல்லிட்டு விட்டுருக்கலாம், நாங்களும் விடியற வரைக்கும் அப்படித்தான் சொல்லிட்டிருந்தோம். ஆனா அதே மழையில எங்க டென்ட்லேர்ந்து முப்பது அடி தள்ளி ஒரு ஓலைக் குடிசை, உள்ள ஒரு சொட்டு வராம ஜம்முனு நின்னுட்டிருந்துச்சு. அதைப் பாத்ததுக்கு அப்புறம் மழையத் திட்ட வாய் வரல. அதான் உக்காந்து எங்க எங்க கோட்டை விட்டோம்னு ஒண்ணொண்ணா எழுதிப் பாத்தேன்.

யாரு யாருன்னு சொல்லிடறேன். நான், காலேஜ்லேர்ந்து கூட இருக்குற மச்சான், அப்புறம் ஆபீஸ்ல எனக்கு சீனியரான அண்ணா, அவர் வீட்டம்மா. அண்ணி மட்டும்தான் இதுக்கு முன்னாடி ஒழுங்கா டென்ட் போட்டுப் படுத்தவங்க, அவங்க சொன்னதைத்தான் யாரும் கேக்கல.

கான்குன்ல வண்டிய எடுத்து சிச்சென் இட்சா, அப்புறம் உஷ்மால், அங்கேர்ந்து எஸ்கார்செகா வழியா கீழ பலென்கே, திரும்பி 186-ம் நம்பர் ஹைவேல கெழக்க வந்து கலாக்முல், கடைசியா பகலார் ஏரி, டுலும். சிச்சென் இட்சா பத்தி பெருசா எழுத ஒண்ணும் இல்ல, அந்த பெரிய பிரமிட் மேல ஏற விட்டு வருஷக்கணக்காச்சு, சுத்தி கயிறு கட்டியிருக்கு, ஜாகுவார் மாதிரி உறுமுற விசிலை விக்கறவங்க சத்தம்தான் காதுல நிக்குது. ஒரு விஷயம் மட்டும்: கான்குன் இருக்குற கின்டானா ரோ மாநிலத்துக்கும் பக்கத்து யுகடான், கம்பெச்சேவுக்கும் ஒரு மணி நேரம் வித்தியாசம். கான்குன்ல ஏழரை வரைக்கும் வெளிச்சம் இருக்கும், கம்பெச்சேல இருக்குற கலாக்முல் பக்கம் ஆறரைக்கே சூரியன் எறங்கிடும், ஏழுக்கு கும்மிருட்டு. அஞ்சு நாள் ஆகியும் இது எங்க மண்டையில ஏறவே இல்ல.

உஷ்மால், அதாவது முளையே எறங்காத தரை

மூணாவது நாள் ராத்திரிதான் மொத டென்ட் ராத்திரி, உஷ்மாலுக்கு கொஞ்சம் தள்ளி. மச்சான் சுத்தியல எடுத்து டென்ட் கயிறு கட்டற முளைய அடிச்சான், டங்குனு ஒரு சத்தம், முளை வளைஞ்சுது. ரெண்டடி தள்ளி அடிச்சான், அதுவும் வளைஞ்சுது. நாலு முளை கேள்விக்குறி மாதிரி ஆனதுக்கு அப்புறம்தான் குனிஞ்சு தரைய நோண்டிப் பாத்தோம், மேல ரெண்டு வெரக்கடை செம்மண்ணு, அதுக்குக் கீழ மொத்தமும் சுண்ணாம்புப் பாறை. அந்தப் பக்கம் பூரா அப்படித்தான். வட யுகடான்ல தரைக்கு மேல ஓடுற ஆறுன்னு ஒண்ணு கெடையாது, பெய்யற மழை பாறை ஓட்டை வழியா நேரா கீழ போயிடும், பாறை இடிஞ்சு விழுந்த எடத்துல கெணறு மாதிரி தெரியறதுதான் செனோட்டே. உஷ்மால் இருக்குற புவுக் மேட்டுல அந்த செனோட்டேவும் இல்ல, தண்ணி அவ்ளோ ஆழத்துல.

அதனால அங்க இருந்தவங்க மழையத்தான் புடிச்சு வெச்சாங்க. தரைக்கடியில பாட்டில் ஷேப்புல குடைஞ்சு, உள்ள சுண்ணாம்பு பூசி, மேல வாய் மட்டும் குறுகலா விட்டிருப்பாங்க, சுல்டுன்னு பேரு. சுத்தி இருக்குற முற்றம் லேசா சரிஞ்சு தண்ணி அந்த வாய்க்குத்தான் போகும். கட்டடத்து செவுரு பூரா சாக், மழை சாமி, மூக்கு யானைத் தும்பிக்கை மாதிரி வளைஞ்சு நீட்டிட்டு இருக்கும். பக்கத்துல கபாங்கற எடத்துல ஒரே செவுத்துல சுமார் 250 சாக் முகம், ஒண்ணோட மூக்கு மேல கால் வெச்சுதான் உள்ள ஏறணும், அப்படி ஒரு படி. மழைக்காக இவ்ளோ மெனக்கெட்ட ஊருல நின்னுட்டு நாங்க பேசினது என்னன்னா "என்னடா இது கேவலமான தரை, ஒரு முளை எறங்கல."

கயித்தை நாலு பெரிய கல்லுலயும் கார் டயர்லயும் கட்டிட்டுப் படுத்தோம். ராத்திரி ஒரு மணி நேரம் நல்லா அடிச்சு ஊத்துச்சு. காலைல டென்ட்டைச் சுத்தி ஒரு சின்னக் குட்டை கூட இல்ல, உறிஞ்சிக் குடிச்ச மாதிரி காஞ்சு கெடந்துச்சு. இதுதான் மொத தடயம், அப்போ யாரும் அதைத் தடயமா எடுத்துக்கல.

பலென்கே

இங்க டென்ட் போடல. மலை அடிவாரம், காடு, வருஷத்துக்கு ரெண்டாயிரம் மில்லிமீட்டருக்கு மேல மழை, ஓலைக்கூரை ரூம் ஒண்ணு கெடைச்சுது, எடுத்துட்டோம். ஊருக்கு மாயன்ல பழைய பேரே லகம்ஹா, "பெரிய தண்ணி"ன்னு அர்த்தம், ஊருக்குள்ள மட்டும் அம்பதுக்கு மேல ஊத்து. எல்லாரும் பாக்க வர்றது பகால் ராஜாவோட சமாதிய, 683-ல செத்தவர், பிரமிட் உள்ள படிக்கட்டுல ரொப்பியிருந்த கல்லையும் மண்ணையும் வருஷக்கணக்கா அள்ளிக் கொட்டிட்டு 1952-ல ஆல்பெர்டோ ரூஸ் கண்டுபிடிச்சார். அது பெரிய விஷயந்தான், ஆனா எனக்கு இன்னும் கண்ணுல நிக்கறது அரண்மனைக்குப் பக்கத்துல போற அந்தக் கால்வாய். ஓட்டுலும்னு ஒரு ஓடை, அது முற்றத்தை அரிச்சுடக் கூடாதுன்னு கல்லால பொதிஞ்சு, மேல வளைவு கட்டி, தரைக்கடியில தள்ளி விட்டிருக்காங்க. அன்னிக்கு சாயங்காலம் மழை பெஞ்சப்ப அது பக்கத்துல போய் நின்னோம், காலுக்குக் கீழ குடுகுடுன்னு சத்தம், மேல புல்லு சும்மா நனைஞ்சிருக்கு, அவ்ளோதான். ஆயிரத்து முன்னூறு வருஷம் கழிச்சும் வேலை செய்யுது.

1840-ல ஸ்டீபன்ஸ், கேதர்வுட்னு ரெண்டு பேரு இதே அரண்மனைக்குள்ள மே மாசம் படுத்தவங்க. ஒருத்தர் எழுத, இன்னொருத்தர் படம் வரைய. ராத்திரி காத்து மெழுகுவத்திய அணைச்சுடும், மழை சாரல் படுக்கை வரைக்கும் வரும், கொசு பிச்சு எடுத்துடுச்சு, மின்மினி வெளிச்சத்துல பேப்பர் படிச்சோம்னு எழுதி வெச்சிருக்காங்க. அண்ணா இதை ராத்திரி ஓலைக்கூரைக்கு அடியில படுத்துட்டு சொன்னார், எல்லாரும் சிரிச்சோம், "பாவம், மழை சீசன்ல போய் மாட்டியிருக்காங்க"ன்னு. நாங்க என்ன டிசம்பர்லயா போயிருந்தோம்?

ஆறாவது நாள்

காலைல நாலரைக்கு ஊளைக் கொரங்குங்க எழுப்பி விட்டுச்சுங்க, தெரியாதவன் கேட்டா சிங்கம்னுதான் நெனைப்பான். அஞ்சுக்கு கெளம்பி, ஊருக்கு ஊர் டோப்பேல ஏறி எறங்கி, அதாங்க அங்கத்த ஸ்பீட் பிரேக்கர், சிலதுல பெயின்ட்டும் கெடையாது போர்டும் கெடையாது, முன்னூறு கிலோமீட்டர் கிட்ட ஓட்டி கொன்வாஸ்ங்கற ஊருக்கு வந்தோம். அங்கேர்ந்து காட்டுக்குள்ள அறுபது கிலோமீட்டர், ஒத்தை ரோடு, மயில் மாதிரி கலர்ல ஒரு வான்கோழி நடு ரோட்டுல நின்னா அது நகர்ற வரைக்கும் நாமளும் நிக்கணும். உள்ள போய்ச் சேரவே மதியம் ஒண்ணாயிடுச்சு.

கலாக்முல் சாதாரண ஊர் இல்ல. பாம்பு வம்சம்னு சொல்ற கான் ராஜாக்களோட தலைநகரம், டிக்கால்ங்கற இன்னொரு மாயன் நகரத்தோட தலைமுறை தலைமுறையா சண்டை போட்டவங்க. 1931-ல சைரஸ் லண்டல்னு ஒருத்தர் விமானத்துலேர்ந்து பாத்துதான் வெளி உலகத்துக்குத் தெரிஞ்சுது. ரெண்டாம் நம்பர் பிரமிட் 45 மீட்டர் ஒசரம், மேல ஏறினா நாலு பக்கமும் காடு, வேற ஒண்ணும் இல்ல, ஒரு போஸ்ட் கம்பம் கூட கண்ணுல படாது.

மூணரைக்கு நாங்க மேல இருந்தோம். தெக்கால ஒரு மேகம், அடிப்பக்கம் கத்தியால வெட்டின மாதிரி நேரா, அதுக்குக் கீழ சாம்பல் கலர் திரை தொங்குது. மின்னல் வெட்டுச்சு, அண்ணா எண்ணினார், இருபத்தி நாலு வரைக்கும் எண்ணினப்ப இடி கேட்டுச்சு. சத்தம் ஒரு கிலோமீட்டர் போக மூணு செகண்ட், அப்போ எட்டு கிலோமீட்டர். முப்பது செகண்டுக்குள்ள இடி கேட்டாலே எறங்கிடணும்கறதுதான் கணக்கு, காட்டுல ஒசரமான எடத்துல நிக்கறவன் அதையும் தாண்டி யோசிக்கணும். அண்ணி "எறங்கலாம் வாங்க"ன்னாங்க. மச்சான் "அண்ணி, ஒரே ஒரு டைம்லாப்ஸ், பத்தே நிமிஷம்"னான். அந்தப் பத்து நிமிஷம் இருபதாச்சு, அதுலதான் அன்னிக்கு சாயங்காலமே சறுக்க ஆரம்பிச்சுது.

பாதிப் படியில மழை புடிச்சுது. படி எல்லாம் வழவழன்னு, உக்காந்து உக்காந்து எறங்கினோம். கார் நிக்கற எடத்துக்கு காட்டுக்குள்ள நடக்கணும், நடுவுல மச்சான் ஒரு மரத்தடியில ஒதுங்கி மரத்துல சாஞ்சு நின்னான். இடி இடிக்கறப்ப மரத்தடி தப்பு, அது ஒரு பக்கம். அந்த மரம் செச்சென், பட்டையில தார் ஊத்தின மாதிரி கருப்புக் கோடு ஓடும், பால் பட்டா தோல் வெந்துடும். ஒடனே தெரியாது, ரெண்டு நாள் கழிச்சு பகலார்ல கை பூரா கொப்புளம். அங்க ஒரு பாட்டி பாத்த ஒடனே சிரிச்சுட்டு, செவப்புத் தோல் உரியற சக்கா மரத்துப் பட்டைய கொதிக்க வெச்ச தண்ணிய ஊத்தி விட்டாங்க. செச்சென் இருக்குற எடத்துல சக்காவும் இருக்கும்னு அங்க எல்லாருக்கும் தெரியும் போல.

திரும்ப அறுபது கிலோமீட்டர், மழையில ரெண்டு மணி நேரம். கேம்ப் வந்து சேர்றப்ப ஏழரை, மழை விட்டிருந்துச்சு, இருட்டு. கேம்ப்னா பெருசா ஒண்ணும் இல்ல, ஒரு குடும்பம் அவங்க எடத்துல டென்ட் போட விடுது. வீட்டம்மாவ டோன்யான்னு கூப்டோம், அங்க பெரியவங்கள அப்படித்தான் கூப்பிடணும். அவங்க சோல்ங்கற மாயன் இனத்துக்காரங்க, அவங்க அப்பா காலத்துல சியாபாஸ் மாநிலத்துலேர்ந்து நெலம் தேடி வந்த குடும்பம், அந்தப் பக்கம் நெறைய பேரு அப்படித்தான்.

கார் ஹெட்லைட் வெளிச்சத்துல எடம் தேடினோம். வீட்டுக்குப் பின்னாடி கரடு முரடா ஒரு மேடு, கல்லு கல்லா. இன்னொரு பக்கம் பச்சைப் பசேல்னு புல்லு, சப்பைத் தரை. மச்சான் புல்லுல ஒரு முளைய வெச்சு கட்டை விரலால அமுக்கினான், முழுசா உள்ள போயிடுச்சு. "டேய், வெண்ணெய் மாதிரி எறங்குதுடா!"ன்னு கத்தினான். உஷ்மால்ல பட்ட கஷ்டத்துக்கு அப்புறம் எங்களுக்கு சொர்க்கமே தெரிஞ்சுது. டோன்யா திண்ணையில நின்னுட்டு கையக் காட்டி "அக்வா, அபாஹோ, அக்வா அபாஹோ"ன்னு சொன்னாங்க. அக்வான்னா தண்ணி, அபாஹோன்னா கீழ. தண்ணிக் கொழாய் கீழ இருக்குன்னு சொல்றாங்கன்னு நெனைச்சு "கிராசியாஸ், கிராசியாஸ்"னு நன்றி வேற சொன்னோம். அண்ணி மட்டும் "அந்த மேட்டுல போட்டா என்ன?"ன்னு கேட்டாங்க. கல்லு குத்தும்னு மூணு பேரும் ஒரே குரல்ல.

பத்தரைக்கு ரெண்டாவது மழை. பதினொண்ணே முக்காலுக்கு நான் முழிச்சப்ப முதுகுக்கு ஜில்லுனு இருந்துச்சு, ஆனா ஈரம் இல்ல. கையத் தரையில ஊனினேன். தரை கொழகொழன்னு உள்ள போச்சு, அலை ஒண்ணு டென்ட் அந்த முனை வரைக்கும் போய்த் திரும்பி வந்து என் காலைத் தூக்குச்சு. ஒரு செகண்ட் நல்லாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. ஜிப்ப தெறந்து லைட் அடிச்சா என் செருப்பு ரெண்டும் அண்ணா டென்ட் வாசல்ல மெதந்துட்டிருக்கு. "டேய் மச்சான் எந்திரிடா"ன்னு அவனை எழுப்ப நான் முட்டி போட்டேன், முட்டி ஊனின எடத்துலேர்ந்து தண்ணி பீச்சுச்சு. அப்புறம் அஞ்சு நிமிஷம் எல்லாம் நாசம். விடியற வரைக்கும் நாலு பேரும் காருக்குள்ள, கண்ணாடி பூரா ஆவி, மின்னல் வெட்டறப்ப எல்லாம் அண்ணா மொகம் மட்டும் நீலமா தெரியும். கார் கரெக்ட்டுதான், சுத்தி இரும்பு இருக்குறதால மின்னலுக்கு டென்ட்டை விட அதான் பாதுகாப்பு. அன்னிக்கு நாங்க ஒழுங்கா செஞ்சது அது ஒண்ணுதான்.

எங்க தப்பு

தண்ணி மேலேர்ந்து வரல. டென்ட் கூரை நல்லாத்தான் தாங்குச்சு, அதனால டென்ட் கம்பெனியத் திட்டறதுக்கு ஒண்ணும் இல்ல. வந்தது அடியிலேர்ந்து.

சின்னத் தப்பு ஒண்ணு, டென்ட்டுக்கு அடியில விரிச்ச தார்ப்பாய் டென்ட்டை விடப் பெருசு, நாலு பக்கமும் ஒரு சாண் வெளிய நீட்டிட்டு இருந்துச்சு. அப்போ கூரையிலேர்ந்து வழியற தண்ணி பூரா தார்ப்பாய்ல விழுந்து, தார்ப்பாய்க்கும் டென்ட்டுக்கும் நடுவுல தேங்கும், நாமளே தொட்டி கட்டிக் குடுத்த மாதிரி. தார்ப்பாய் எப்பவும் டென்ட்டை விட சின்னதா, ஓரம் உள்ள மடங்கி இருக்கணும். தேங்கின தண்ணிய டென்ட் தரை கொஞ்ச நேரம் தாங்கும், மேல படுத்திருக்குறப்ப நம்ம எடை பரவி இருக்கு, முட்டி போட்டா மொத்த எடையும் ரெண்டு சின்ன எடத்துல, துணி வழியா தண்ணி உள்ள ஏறிடும். முட்டி போட்டது நான்தான்.

ஆனா தார்ப்பாய் சரியா இருந்திருந்தாலும் முங்கியிருப்போம். பெரிய தப்பு அந்த எடம். கலாக்முல் பக்கம் பாறை மேட்டுக்கு நடுவுல பஹோன்னு பள்ளம் வரும், களிமண்ணு, வெயில் காலத்துல பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்கும். மொத மழை தண்ணி வெடிப்புக்குள்ள போகும், களிமண்ணு ஊறி உப்பி வெடிப்பை அடைச்சுக்கும், அதுக்கு மேல வர்ற தண்ணி போக எடமே இல்ல. சாயங்கால மழை களிய ஊற வெச்சுது, ராத்திரி மழை எங்களை. சுத்தி ஒரு ஏக்கர் சரிவுல அம்பது மில்லிமீட்டர் பெஞ்சா ரெண்டு லட்சம் லிட்டர் தண்ணி, அது பூரா வந்து சேர்ற தட்டோட நடுவுல போய்ப் படுத்திருக்கோம். முளை ஏன் அவ்ளோ சுலபமா எறங்குச்சு, புல்லு ஏன் அங்க மட்டும் பச்சையா இருந்துச்சுன்னு ஒருத்தனாவது கேட்டிருக்கணும்.

கலாக்முல்காரங்களுக்கு இது தெரியாமயா? அவங்க ஊரே எல் லபெரின்டோங்கற ஒரு பெரிய பஹோவோட ஓரத்துல மேட்டுல இருக்கு. வீடு மேல, தண்ணி கீழ. பள்ளத்துல குளம் வெட்டி ஆண்டு பூரா வெச்சுக் குடிச்சாங்க. அந்தக் காலைல டோன்யா வீட்டைப் பாத்தேன், முழங்கால் ஒசரத்துக்கு கல்லு அடுக்கின மேடை, அதுக்கு மேல கம்பும் ஓலையும். பக்கத்துல சமையக்கட்டுக்கு தகரக் கூரை, அதுலேர்ந்து ஒரு பைப் கருப்பு டினாக்கோ தொட்டிக்குப் போகுது. தொட்டி ரொம்பி வழியுது. அந்தப் பக்கம் ஆறு கெடையாது, கொழாய்த் தண்ணிய நம்ப முடியாது, எங்களை முக்கின மழைதான் அவங்க வீட்டுக்கு அந்த வாரத்துத் தண்ணி. டோன்யா கொழாய் இருக்குற எடத்தை சொல்லலன்னு அப்பத்தான் புரிஞ்சுது. "தண்ணி, கீழ."

ஏழாவது ராத்திரி

எல்லாம் காய வைக்கணும், அதனால இன்னொரு நாள் அங்கயே. இந்தத் தடவை டோன்யாவையே எடம் காட்டச் சொன்னோம், அந்தக் கல்லு மேட்டைக் காட்டினாங்க. மொத முளை டங்குனு வளைஞ்சுது, மச்சான் "ஆஹா, நல்ல எடம்!"னு சிரிச்சான். கயித்தை எல்லாம் கல்லுல கட்டினோம், கூரைத் துணி உள் துணியத் தொடாம இழுத்து விட்டோம், தார்ப்பாய உள்ள மடிச்சோம். ஒன்பது மணிக்கு மழை, முந்தின நாள் மாதிரியே. லைட் அடிச்சுப் பாத்தா மேட்டுக்கு ரெண்டு பக்கமும் தண்ணி பிரிஞ்சு எறங்கிப் போகுது, கீழ நாங்க மொத நாள் படுத்த எடம் குளம், தவளை கத்துது. கல்லு குத்தத்தான் செஞ்சுது, நல்லாத் தூங்கினோம்.

காலைல கட்டிட்டிருந்தப்ப அண்ணா ஒரு கல்லைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டிருந்தார், ரெண்டு பக்கம் செதுக்கின மாதிரி நேரா இருந்துச்சு. சமையக்கட்டுக்குத் தோண்டினப்ப பானை ஓடு நெறைய வந்துச்சுன்னு டோன்யா சாதாரணமா சொன்னாங்க. கம்பெச்சே காட்டுல இது ஆச்சரியமே இல்ல. 2013-ல காட்டுக் கணக்கெடுப்புக்காக விமானத்துலேர்ந்து லேசர் அடிச்சு எடுத்த டேட்டாவ ஒருத்தர் திரும்பக் கெளறப் போய்தான் 2024-ல வலேரியானான்னு ஒரு நகரமே வெளிய வந்துச்சு, அந்தத் துண்டு எடங்கள்ல மட்டும் ஆறாயிரத்துக்கும் மேல கட்டடம், சிலது இன்னிக்கும் வயலுக்கும் வீட்டுக்கும் நடுவுல மேடு மேடா கெடக்கு. நாங்க படுத்தது யாரோ ஒருத்தரோட பழைய வீட்டு மேடையா இருக்கலாம்னு அண்ணி சொன்னாங்க, மச்சான் ஒடனே ஷூவக் கழட்டிட்டான்.

கயிறு கட்டின கல்லை எல்லாம் எங்கேர்ந்து எடுத்தோமோ அங்கயே வெச்சோம். டோன்யா இடுப்புல கைய வெச்சு நின்னு எண்ணிப் பாத்தாங்க. பதினொண்ணு எடுத்தோம், பத்துதான் இருந்துச்சு. இன்னொண்ணு கார் டயருக்கு முட்டுக் குடுத்திருந்தோம், மச்சான் ஓடிப் போய் எடுத்துட்டு வந்தான்.